பிடுங்கிப் போடச் சொல்கிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன். எங்காவது குரல் உயர்ந்திருந்தால், பழைய டீச்சர்தானே என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் சின்னக்காவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை, அதுதான் எல்லாரும் சொல்கிற ரூட் கேனால், ஆரம்பித்தார்கள். முதல் தடவை உள்ளே சுத்தம் செய்து, மேலே தற்காலிகமாக அடைத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். அதற்குள் நம் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. ரூட் கேனால் செய்த பல் செத்த பல்லாம். அதை வாயில் வைத்திருந்தால் புற்றுநோய் வருமாம். கீழே பதினோரு பேர் கும்பிடு போட்டிருந்தீர்கள். ஒருவர், "வலிச்சா புடுங்கிப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்கு இத்தனை செலவு" என்று கேட்டிருந்தார். அக்கா அடுத்த தடவை போகவில்லை. அவளுக்குச் சர்க்கரை வேறு. வலி இல்லையே என்று நிம்மதியாக இருந்தாள். மூன்றாவது வாரம் தாடை வீங்கிவிட்டது.

வீடியோ அனுப்பிய தம்பி, இது உனக்கும்தான்.

வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல், மொத்தம் 32 என்று முப்பத்து நாலு வருஷம் கரும்பலகையில் படம் போட்டவள் நான். அந்தப் பல்லுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. ஆசிரியர் பயிற்சியிலும் யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது சொல்கிறேன், கேளுங்கள். வெளியே எனாமல், நம் உடம்பிலேயே கடினமான பொருள். அதற்குள் டென்டின். நடுவில் பல்கூழ்: ரத்தக் குழாயும் நரம்பும் உள்ள மெல்லிய சதை, நூல் மாதிரி வேர் நுனி வரை இறங்குகிறது. சொத்தை எனாமலோடு நின்றால் வலிக்காது. டென்டினுக்கு வந்தால் ஐஸ் தண்ணீர் கூசும். பெரும்பாலும் அப்போதே போனால் வெறும் அடைப்போடு முடிந்துவிடும். நாம் போகமாட்டோம். கிருமி கூழுக்குள் இறங்கினால் அது வீங்கப் பார்க்கும், சுற்றிலும் கெட்டிச் சுவர், வீங்க இடம் கிடையாது. ராத்திரி படுத்ததும் விண் விண்ணென்று தெறிக்கிறதே, அது இதுதான்.

பிறகு ஒரு நாள் வலி தானாக நின்றுவிடும். நம் ஊரில் அன்றைக்குத்தான் வைத்தியம் பலித்ததாகப் பேர். ஒருவர் கிராம்பு எண்ணெய் என்பார், ஒருவர் கண்டங்கத்திரி விதையில் புகை பிடித்தேன், புழு விழுந்துவிட்டது என்பார். பல்லில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நரம்பு செத்துவிட்டது, அதனால் வலி நின்றது. கிருமி சாகவில்லை. அது வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் போய்ச் சீழ் கட்டுகிறது. வலிக்குப் புகையிலையை ஒதுக்கிவைக்கிற பாட்டிகளையும் பார்த்திருக்கிறேன். புற்றுநோய்க்குப் பயப்படுகிறவர்கள் பயப்பட வேண்டியது அந்தப் புகையிலைக்கு.

வேர் சிகிச்சையில் செய்வது என்ன? மரத்துப்போக ஊசி போட்டு, அந்த அழுகிய கூழை மெல்லிய ஊசி போன்ற கருவிகளால் எடுத்து, கால்வாயை மருந்து விட்டுக் கழுவி, கட்டாபெர்ச்சா என்ற பொருளால் அடைக்கிறார்கள். மலேயா பக்கத்து மரம் ஒன்றின் பாலிலிருந்து வருவது அது. 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கும் இதையே உறையாகப் போட்டார்களாம். (இதெல்லாம் தெரிந்திருந்தால் வகுப்பில் எவ்வளவு நன்றாகக் கதை சொல்லியிருப்பேன்!) கூழ் போனால் பல் செத்துவிடாதா? வளர்ந்து முடிந்த பல் தாடையில் நிற்பது அந்தக் கூழால் இல்லை. வேரைச் சுற்றி எலும்போடு பிணைக்கும் உயிருள்ள நார்கள் இருக்கின்றன. அவை அப்படியேதான் இருக்கும்.

அந்த வீடியோவில் வரும் விஷயம் நூறு வருஷப் பழசு. அமெரிக்காவில் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர், 1920களில், வேர் சிகிச்சை செய்த பற்களைப் பிடுங்கி முயல்களின் தோலுக்கடியில் வைத்துப் பார்த்தார். முயல்களுக்கு நோய் வந்தது. எல்லா நோய்க்கும் பல்தான் காரணம் என்று சொல்லி, நல்ல பற்களைக்கூட அந்தக் காலத்தில் எத்தனையோ பேருக்குப் பிடுங்கினார்கள். பின்னால் வந்தவர்கள் சுத்தமான முறையில் செய்து பார்த்தபோது அவர் சொன்னது நிற்கவில்லை. மருத்துவ உலகம் அதைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. கும்பிடு போடும் முன் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

சரி, பிடுங்கினால் என்ன? என்னைக் கேளுங்கள். முப்பத்தெட்டு வயதில், சம்பளத்தில் சீட்டுக் கட்டியது போக மிச்சமில்லாத காலத்தில், கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன். செலவு மிச்சம் என்று நினைத்தேன். பக்கத்துப் பல் அந்தக் காலியிடத்தில் சாய்ந்தது. மேல்பல் கீழே இறங்கியது. இருபத்தைந்து வருஷமாக ஒரு பக்கத்தில்தான் மென்று சாப்பிடுகிறேன். முறுக்கு, கரும்பு எல்லாம் பேரப்பிள்ளைகளுக்கு. போன வருஷம் இன்னொரு பல்லுக்கு ரூட் கேனால், கேப்போடு சேர்த்து ஒன்பதாயிரம் ஆனது. மூன்று நாள் லேசாக வலித்தது. அவ்வளவுதான்.

பிடுங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேர் நெடுக விரிந்துபோன பல்லையும், ஆடிக்கொண்டிருக்கும் பல்லையும் எடுக்கத்தான் வேண்டும். அதை எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்லட்டும், குடும்பக் குழு வேண்டாம்.

டாக்டர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. எக்ஸ்ரேயைக் காட்டி இரண்டு வார்த்தை சொல்ல எத்தனை நேரமாகும்? முதல் நாள் ஒரு தொகை சொல்லிவிட்டு, கடைசியில் "கேப்பு தனி" என்றால் யார் திரும்பி வருவார்கள்? கேப் போடாத கடைவாய்ப் பல் ஒரு நாள் கடலை கடிக்கும்போது உடைந்துவிடும். பட்ட பாடெல்லாம் வீண். அதனால் முதல் நாளே, "கேப்போட சேத்து மொத்தம் எவ்வளவு, எத்தனை தடவை வரணும்" என்று கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். முடியாதவர்களுக்குச் சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டும், நிற்கலாம்.

சின்னப் பிள்ளைகள் வைத்திருக்கும் என் மாணவிகளே, ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்று நினைத்துச் சொத்தையோடு விட்டுவிடுகிறீர்கள். அது விழுந்து முளைக்காது. டார்ச் அடித்து இன்றைக்கே பாருங்கள்.

இன்னொன்று. பல்வலியோடு தாடைக்கு அடியில் வீங்கி, விழுங்க முடியாமல், மூச்சு முட்டினால் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சின்னக்காவுக்குச் சீழை வடித்து, மாத்திரை கொடுத்து, வீக்கம் இறங்கியிருக்கிறது. பல் நிற்குமா என்று அடுத்த எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்வேன் என்றார் டாக்டர். வருகிற வியாழக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். தம்பி, அதற்குள் அந்த வீடியோவைக் குழுவிலிருந்து எடுத்துவிடு. அக்கா இன்னும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.