சீகிரியாவுக்குப் பழைய கமரா போதும்

சீகிரியாவுக்குப் போகப் புதுக் கமரா வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். 2008இல் வந்த கனன் 1000டி போதும். பத்து மெகாபிக்சல், ஏ4 அளவில் அச்சிட்டாலும் குறை தெரியாது. மங்கிய வெளிச்சம்தான் அதற்கு எதிரி, ஐஎஸ்ஓ 1600ஐத் தாண்டாது. ஆனால் குன்றில் நிழல் விழும் ஓவியக் குகையில் படமெடுக்கவே தடை! மற்றதெல்லாம் வெயில்: நீர்த்தோட்டம், சிங்கப் பாதங்கள், பக்கத்துப் பிதுரங்கலப் பாறையிலிருந்து தெரியும் முழுக் குன்று. பழைய கமராவை விற்கப் போனால்தான் மனம் நோகும். டிஜிற்றல் கமராவின் உடல் சீக்கிரம் விலையிழக்கும். நல்ல லென்ஸ் அப்படியல்ல. கனன் 1987 முதல் வெளியிட்ட ஈஎஃப் லென்ஸ்கள் 1000டியில் பொருந்தும். ஆனால் 2006இன் நிக்கொன் டி40க்குள் குவிய மோட்டார் இல்லை. அதனால் அதில் பழைய லென்ஸ்கள் பலவற்றைக் கையால்தான் திருக வேண்டும். வாங்குபவர் ஷட்டர் எண்ணிக்கையை மட்டும் விசாரிப்பார். எங்கள் ஈரக் காற்றில் அதைவிட முக்கியம், லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்ப்பது. பற்றரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதையும் சோதியுங்கள். சொற்பக் காசுதான் தருவார்கள் என்றால் விற்காதீர்கள், படம் பிடிக்க ஆசைப்படும் பள்ளிப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.