துளையிடும் முன்பே கழிவுக்குக் கணக்கு வேண்டும்

உலு பேராக்கில் கிரிக் அருகே கெனெரிங் வட்டாரத்தில் அரிய மண் தனிமங்களை எடுக்கும் முன்னோடித் திட்டம் 2022இல் தொடங்கியது. மலையை வெட்டுவதில்லை, மேலிருந்து துளையிட்டு அமோனியம் சல்பேட் கரைசலைச் செலுத்தி, களிமண்ணில் ஒட்டியிருக்கும் தனிமங்களைக் கரைத்து அடிவாரத்தில் வடித்தெடுக்கிறார்கள். இந்த முறை வேறு மலைகளுக்குப் பரவுமுன் பேராக் மாநில அரசு ஒரு விதியை உறுதியாக்க வேண்டும்: கழிவை எப்படிக் குறைப்போம் என்று காட்டாத நிறுவனத்துக்குத் துளையிட உரிமம் கிடையாது.

இதைக் கேட்கப் பேராக் மக்களுக்குக் காரணம் இருக்கிறது. வெள்ளீயம் அலசி மிஞ்சிய மணலிலிருந்து கிடைத்த மோனசைட்டைப் பிரிக்க, ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. கதிரியக்கத் தோரியக் கழிவை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அப்போது முடிவான விடை இல்லை. அதைத் தங்கள் ஊரில் வைக்கப் பாரிட் மக்கள் மறுத்தனர். பாப்பான் மக்கள் திரண்டு எதிர்த்தனர். 1985இல் வட்டார மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிய போதிலும், 1994இல் நிறுவனமே ஆலையை மூடியது. துப்புரவுக்கு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவானதாகச் செய்திகள் வந்தன. கழிவு இன்று கிளேடாங் மலைப்பகுதியில் புதைந்து கிடக்கிறது.

கிரிக் களிமண்ணில் கதிரியக்கம் குறைவு என்பது ஆதரவாளர்களின் வாதம். அது நியாயமானதே. ஆனால் கதிரியக்கம் மட்டுமே கழிவு அல்ல. இதே முறை பரவலாகக் கையாளப்பட்ட சீனாவின் ஜியாங்சி மாநிலத்தில், மண்ணில் தங்கிய அமோனியம் நிலத்தடி நீரிலும் ஓடைகளிலும் கலந்தது. சுரங்கம் ஓய்ந்த பிறகும் மலைகளைச் சீரமைக்கும் செலவு தொடர்ந்தது.

குறைக்க முடியும் என்பதற்கு எண்ணெய்த் துறையே சாட்சி. கிணறு துளைக்கும்போது உள்ளே செலுத்தும் சேறு துளைமுனையைக் குளிர்வித்து, உடைந்த பாறைத் துகளை மேலே கொண்டு வருகிறது. வட கடலில் எண்ணெய் கலந்த சேறு ஒட்டிய துகள்களைப் பல ஆண்டுகள் கடலிலேயே கொட்டினார்கள். எண்ணெய் மேடைகளின் அடியில் அவை குவியல்களாயின. எடையில் 1 விழுக்காட்டுக்கு மேல் எண்ணெய் ஒட்டிய துகளைக் கொட்டக்கூடாது என்று அப்பகுதி நாடுகள் 2000இல் முடிவெடுத்தன. அதிர்வுச் சல்லடையாலும் சுழல் இயந்திரத்தாலும் சேற்றை மீட்டு மறுபடி பயன்படுத்துவது, முடிந்த இடத்தில் நீர் கலந்த சேற்றுக்கு மாறுவது, துளையைக் குறுக்குவது, மிஞ்சியதைக் கரைக்குக் கொண்டுவந்து சுத்திகரிப்பது என வழிகள் பல உண்டு. துளையின் விட்டம் பாதியானால் துகள் கால் பங்காகிவிடும். இவையெல்லாம் துளையிட்ட பிறகு யோசிப்பவை அல்ல. கிணற்றை வரையும்போதே முடிவாக வேண்டியவை.

மாநிலத்துக்கு வருமானம் தேவைதான். தோட்டங்கள் கைமாறிய பிறகு வேலையின்றித் தவித்த குடும்பங்களை அறிந்த நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் உரிமத்தொகை ஒருமுறை வந்து, துப்புரவுச் செலவு தலைமுறைக்கும் மக்கள் தலையில் விழுமானால் அது வருமானம் ஆகாது.

ஆகவே நான்கு நிபந்தனைகள் வேண்டும். தாதுப் படிவத்தை முன்கூட்டி அளந்து தேவையான துளைகளை மட்டும் இட வேண்டும். செலுத்திய கரைசல் எவ்வளவு, மீட்டது எவ்வளவு என்பதை மாதந்தோறும் வெளியிட்டு, மீட்டதை மறுபடி பயன்படுத்த வேண்டும். வேலை தொடங்கும் முன்பே சுற்றுவட்டார நீரைச் சோதித்து, பின்னர் செய்யும் சோதனைகளின் முடிவுகளோடு ஒப்பிட்டு மலாய், சீனம், தமிழில் அறிவிக்க வேண்டும். சீரமைப்புக்கான முழுத் தொகையையும் நிறுவனம் முன்பணமாகக் கட்ட வேண்டும்.

கெனெரிங் அணை பேராக் ஆற்றின் மீதே நிற்கிறது. அந்த ஆறு கோலகங்சார், பாரிட், தெலுக் இந்தான் வழியாகக் கடலுக்குப் போகிறது. எனவே இது கிரிக் மக்களின் கவலை மட்டுமல்ல. நிலமும் கனிமமும் மாநில அதிகாரத்தில் இருப்பதால், ஆயர் தாவார் உட்பட நம் மஞ்சோங் வட்டாரத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இந்நான்கையும் முன்வைத்து, மந்திரி பெசாரிடம் எழுத்துமூலமான பதிலைக் கேட்டுப் பெற வேண்டும்.