நம் பள்ளி வலைத்தளம் யார் கையில்?

முன்பெல்லாம் பெற்றோர் பள்ளி வாயிலில் உள்ள அறிவிப்புப் பலகையைப் பார்த்துச் செய்தி அறிந்தனர். இன்றோ கைப்பேசியில் பள்ளியின் வலைத்தளத்தைப் பார்க்கின்றனர். அத்தளத்தை அமைக்க இரு வழிகள் உள்ளன. அவற்றுள் எது பள்ளிக்கு ஏற்றது என்பது பற்றிப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்தை இங்கே கூற விரும்புகிறோம்.

முதல் வழி, வலைத்தள வடிவமைப்பு மென்பொருள். 1997-ஆம் ஆண்டு மேக்ரோமீடியா நிறுவனம் வெளியிட்ட ட்ரீம்வீவர் இதற்கு எடுத்துக்காட்டு. ஒருவர் தம் கணினியில் பக்கங்களை வடிவமைத்து, பின்னர் சர்வருக்கு அனுப்புவார். தாமே புள்ளி வைத்துத் தாமே கோலம் போடுவது போன்றது இது. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு தேதியை மாற்றுவதற்கும் இவ்வேலை அறிந்தவரைத் தேட வேண்டும்.

இரண்டாம் வழி, உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. 2003-ஆம் ஆண்டு மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் தொடங்கிய வேர்ட்பிரஸ் இவ்வகையைச் சேர்ந்தது. இங்கே தோற்றம் வேறு, செய்தி வேறு. செய்திகள் தரவுத்தளத்தில் சேமிக்கப்படும். ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போது அமைப்பே செய்தியை எடுத்து, முன்பே அமைத்த தோற்றத்தில் பொருத்திக் காட்டும். கடவுச்சொல் உடையவர் எந்தக் கணினியிலிருந்தும் எழுதலாம். மாணவி எழுதியதை ஆசிரியை பார்த்து ஒப்புதல் அளித்த பின்னரே வெளியிடும் வசதியும் உண்டு.

பள்ளிக்கு இரண்டாம் வழியே ஏற்றது என்பது எங்கள் கருத்து. பள்ளியில் எவரும் நிலைத்திருப்பதில்லை. மாணவியர் படிப்பு முடிந்து செல்வர். அருட்சகோதரியர் வேறு இல்லத்திற்கு மாற்றலாகிச் செல்வர். தளத்தை அமைத்தவர் சென்றபின், சென்ற ஆண்டின் சேர்க்கைத் தேதி அப்படியே நின்றால் என்னவாகும்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தொலைவிலிருந்து பேருந்து ஏறி வரும் தாய் ஏமாந்து திரும்புவார் அன்றோ? பக்கம் எத்துணை அழகாயிருந்தும் அவருக்குப் பயன் என்ன?

இவ்வழியிலும் தொல்லை இல்லாமல் இல்லை. வேர்ட்பிரஸ் இலவசமே ஆயினும், அதனையும் அதனுடன் சேர்க்கும் செருகுநிரல்களையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். தவறினால் அவற்றின் ஓட்டைகள் வழியே தீயோர் நுழைவர். தரவுத்தளம் இல்லாத எளிய எச்.டி.எம்.எல். பக்கங்களில் இவ்வச்சம் மிகக் குறைவு. ஆண்டு முழுதும் மாறாத நாலைந்து பக்கங்கள் போதுமெனில் முதல் வழியே நன்று. தேர்வு, விடுமுறை, விழா என்று வாரந்தோறும் செய்தி மாறும் பள்ளிக்கு அது போதாது.

ஆகவே அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. பொறுப்பையும் பகிர வேண்டும். கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருத்தல் ஆகாது. தளத்தின் நகலைத் தவறாமல் எடுத்து வைத்தல் வேண்டும். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பினர் ஒன்பதாம் வகுப்பினருக்கு இப்பணியைக் கற்றுத் தருதல் வேண்டும். எச்.டி.எம்.எல்.லையும் சேர்த்துக் கற்றால், பழுது நேரும்போது பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

தோழியரே, நாங்கள் விரைவில் விடைபெறுவோம். எங்களுக்குப் பின்னும் நம் பள்ளியின் செய்தி, பெற்றோருக்கு உரிய நாளில் சரியாகச் சென்று சேர வேண்டும். அது இனி உங்கள் கையில்!