சைக்கிளை விட்டு இறங்காதே!

சைக்கிளுக்கு என்னய்யா சட்டம் என்று கேட்டால் பழைய ஆட்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். ராத்திரியில் விளக்கு வேணும், டபுள்ஸ் போகக்கூடாது, பஞ்சாயத்து வில்லை இருக்கணும். இந்த மூன்றுக்கும் போலீஸ் பிடித்தது. நாலாவது சட்டம் ஒன்றும் இருந்தது. அது எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. ஊர்த்தெரு வந்தால் இறங்கு, தள்ளிக்கொண்டு போ, தெரு முடிந்ததும் ஏறிக்கொள். சேரிக்காரனுக்கு மட்டுமான சட்டம்.

அச்சான சட்டம் என்ன சொல்கிறது? 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனமே அல்ல. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். ஆனால் பொறுப்பு உண்டு. பொதுவழியில் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி கண்மண் தெரியாமல் ஓட்டினால், பாரதிய நியாய சங்கிதா 281ஆம் பிரிவு சைக்கிள்காரனையும் பிடிக்கும். அதிகபட்சச் சிறை 6 மாதம்.

இனி அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. தலித்தோ பழங்குடியோ பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதைப் பிற சாதியார் தடுத்தால் பிரிவு 3(1)படி குற்றம். குறைந்தபட்சம் 6 மாதம், 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. கணக்கைப் பாருங்கள் தோழர்களே! தாறுமாறாக ஓட்டியவனுக்கு எது உச்சத் தண்டனையோ, இறங்கச் சொன்னவனுக்கு அதுவே ஆரம்பத் தண்டனை.

இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1924இலேயே பொதுச்சாலை எல்லோருக்கும் பொது என்று சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார் இரட்டைமலை சீனிவாசன். அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு சாலை என்ற சொல்லையே எழுதி வைத்தது. அதற்குப் பிறகும் 'சைக்கிள்' என்று பெயர் சொல்லித் தனியாக எழுத வேண்டி வந்ததென்றால், வெட்கப்பட வேண்டியது யார்?

தமிழக அரசு 2001-02இல் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புத் தலித், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தது. பிறகு எல்லா மாணவர்களுக்கும் கொடுத்தது. சைக்கிள் வந்தது சரி, தெரு வந்ததா? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டியதற்காகத் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள் என்று வன்கொடுமை வழக்குப் பதிவானது.

பசியாவரம் பக்கத்து, பழவேற்காடு ஏரிக்கரைத் தோழர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஏரியில் 'பாடு' உண்டு. எந்த இடத்தில் யார் முறைபோட்டு வலை விடுவது என்பது பரம்பரை மீனவச் சாதியின் உரிமை. அதே தண்ணீரில் இறங்குகிற தலித்துக்கும் இருளருக்கும் பாடு இல்லை. அது தனியாகப் பேச வேண்டிய வழக்கு. ஆனால் கரையேறி ரோட்டுக்கு வந்துவிட்டால் எவனுக்கும் பாடு கிடையாது. சாதி ரோட்டிலேயும் பாடு போடப் பார்க்கிறது, அதுதான் சங்கதி.

மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது இது. இந்தச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை (பிரிவு 18ஏ). டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். கடமை தவறும் அதிகாரிக்கும் 4ஆம் பிரிவில் தண்டனை உண்டு. 'ஏதோ வாய்த்தகராறு, பேசித் தீர்த்துக்கலாம்' என்று ஸ்டேஷனில் சொன்னால் கிளம்பி வந்துவிடாதீர்கள். எந்தத் தெரு, எத்தனை மணி, யார் என்ன சொல்லி இறக்கினான் என்று புகாரில் எழுதுங்கள்.

இடப்பக்கமாகவே போங்கள். விளக்கு வையுங்கள். நடப்பவருக்கு வழி விடுங்கள். சிவப்பு விளக்கு நிற்கச் சொன்னால் நில்லுங்கள். சாதி இறங்கச் சொன்னால் மட்டும் இறங்காதீர்கள்.