இந்தப் பச்சை எந்த வீட்டுப் பிள்ளை?



வேப்பம்பட்டில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது பேத்திக்கு ஒரு பெட்டி கலர் பென்சில் வாங்கி வந்தாராம். மொத்தம் 72. ஒன்றிலும் மரம் கிடையாது. முழுக் குச்சியும் கலர்தான். கொஞ்ச நாளிலேயே பெட்டியின் தட்டுகள் கலைந்து, இப்போது எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கின்றன. "பச்சையை எடுடி என்றால் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேடுகிறாள். எடுத்து நீட்டுவது பச்சையா நீலமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. இதை எப்படித்தான் அடுக்கி வைப்பது?" என்று கேட்கிறார்.

வாசகர் கடிதப் பகுதியில் நாலு வரியில் பதில் போட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. கலர் பென்சிலை அடுக்கத் தெரிந்த பிள்ளைக்குப் படம் போடுவதில் பாதி கைவந்துவிட்டது என்று நம்புகிறவன் நான். ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதும் அந்தப் பாட்டிக்கும் பேத்திக்கும்.

முதலில் அந்தப் பென்சிலைப் பற்றி. நம் பிள்ளைகள் கையில் இருக்கும் சாதாரணப் பென்சிலில் பெரும்பங்கு மரம். காஷ்மீரில் புல்வாமா மாவட்டத்து உக்கூ கிராமத்தில் பாப்ளர் மரத்தைப் பலகைச் சில்லுகளாக அறுத்து நாடு முழுவதும் இருக்கிற பென்சில் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சில்லுகளில் காடி எடுத்து, நடுவில் மெல்லிய கலர்க் குச்சியை வைத்து ஒட்டினால் பென்சில். அந்தப் பேத்தியிடம் இருக்கும் மரமில்லாத 'உட்லெஸ்' பென்சிலில் இந்த மரச் சட்டை இல்லை. நிறப்பொடி, மெழுகு, வெள்ளைக் களிமண் போன்றவற்றைப் பிசைந்து இறுக்கிய தடித்த குச்சி. கையில் ஒட்டாமல் இருக்க மேலே ஒரு பூச்சு. அவ்வளவுதான். படுக்கவைத்துத் தேய்த்தால் வானம் முழுவதையும் சீக்கிரம் நிரப்பிவிடலாம். சீவும்போது மரச்சுருள் விழாது, கலர்தான் விழும். தண்ணீரில் கரையும் வகையாக இருந்தால் அந்தத் துருவலைக்கூட மூடியில் போட்டு, ஈரத் தூரிகையால் தொட்டுப் பூசலாம். ஒரு துளியும் வீணில்லை.

இவற்றில் பெயர்பெற்றவை இரண்டு. ஆஸ்திரியாவின் கிரெட்டாகலர் நிறுவனத்து 'அக்வா மோனோலித்' 72 நிறங்களில் வருகிறது. செக் நாட்டின் கோஹினூர் ஹார்ட்முத் நிறுவனத்து 'புரோக்ரெஸ்ஸோ' 24 நிறங்களில் கிடைக்கிறது. கோஹினூர் என்றதும் நிமிர்ந்து உட்காருவீர்கள். ஆம், நம் கோல்கொண்டா வட்டாரத்துச் சுரங்கத்தில் கிடைத்ததாகச் சொல்லப்படும் அதே வைரத்தின் பெயர்தான். 1790-ல் வியன்னாவில் ஆரம்பித்த ஹார்ட்முத் கம்பெனி, 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் மஞ்சள் பூச்சுப் பூசிய உயர்ரகக் கரிப் பென்சிலைக் கொண்டுவந்து வைத்து, அதற்கு அந்த வைரத்தின் பெயரைச் சூட்டியது. கிருஷ்ணா நதிக்கரையில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஒரு வைரத்தின் பெயர் ஐரோப்பா சுற்றி, வேப்பம்பட்டில் ஒரு குழந்தையின் கைக்கு வரக்கூடும் என்பதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

சரி, அடுக்கும் வேலைக்கு வருவோம். எடுத்தவுடன் எல்லாரும் செய்வது, குச்சியின் மேல்பூச்சைப் பார்த்துப் பிரிப்பது. மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு மாதிரி வெளிச்சமான நிறங்களுக்கு இது சரியாக வரும். அடர்நிறங்களில் வண்டி நின்றுவிடும். கருநீலம், கரும்பச்சை, அடர் ஊதா, கரும்பழுப்பு, கறுப்பு ஆகிய ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஐந்தும் ஒரே கறுப்பு. அந்தச் சிறுமி பச்சைக்குப் பதில் நீலத்தை நீட்டுகிறாள் என்றால் தப்பு அவளுடையதில்லை. கெட்டியாக இறுகிய நிறப்பொடி, வெளிச்சத்தை விழுங்கிக்கொண்டு தன் சாதியைக் காட்டாது. வெள்ளைத் தாளில் மெலிதாகப் படர்ந்தால்தான் காட்டும்.

அதனால் பென்சிலைத் தொடும் முன் தாளை எடுங்கள். வழக்கமாகப் படம் போடும் அதே நோட்டுத் தாளாக இருக்கட்டும். வழவழத் தாளில் ஒரு மாதிரியும் சொரசொரத் தாளில் வேறு மாதிரியும் தெரியும். காலை வெளிச்சம் வரும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஒவ்வொரு பென்சிலுக்கும் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். இடது ஓரத்தில் நன்றாக அழுத்திக் கீறி, வலது பக்கம் போகப் போகக் கையைத் தளர்த்தி, கடைசியில் தாளைத் தொட்டும் தொடாமலும் முடியுங்கள். கீழே குச்சியில் அச்சடித்திருக்கும் எண்ணை எழுதுங்கள். அந்த மெலிந்த ஓரத்தில்தான் ரகசியம் இருக்கிறது. கறுப்பென்று நினைத்தது அங்கே நாவல்பழக் கறையாக மலரும். இன்னொன்று கொல்லைப்புறத்துப் பாசியாகத் தெரியும். மூன்றாவது, காப்பிப்பொடி. கட்டங்களைக் கத்தரித்துத் தனித்தனிச் சீட்டாக்கிக்கொண்டால் தரையில் பரப்பி இடம் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பென்சிலை உருட்டி உடைக்க வேண்டாம், சீட்டு உடையாது.

இன்னொரு எச்சரிக்கை. எண் அச்சடித்த முனையைத் தப்பித்தவறியும் சீவிவிடாதீர்கள்.  எண் போனால் அந்தப் பென்சிலுக்கு ஊர் பேர் இல்லை.

இனிதான் குடும்பம் பிரிப்பது. ஆவடி கடைத்தெருவிலோ அம்பத்தூரிலோ ரவிக்கைத் துணி விற்கும் மேட்சிங் சென்டருக்குள் நுழைந்திருப்பீர்கள். புடவையை விரித்துக் காட்டிய மாத்திரத்தில் கடைப் பையன் நேரே அந்த அலமாரிக்குப் போய், இருபது பச்சைகளுக்குள் சரியான பச்சையை உருவிக் கொடுப்பான். அவன் அலமாரி நிறக் குடும்பப்படி அடுக்கியது. ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் வெளுப்பிலிருந்து அடர்த்திக்குப் போகும். பென்சில் டப்பாவுக்கும் அந்த ஒழுங்கு போதும்.

அந்தக் குடும்பங்களுக்குப் பெயர் வைக்க இங்கிலீஷ் அட்டவணையைத் தேட வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துப் பட்டும் நம் வீட்டுப் பெண்களும் சேர்ந்து ஏற்கெனவே வைத்துவிட்டார்கள். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்து, அரக்கு, வாடாமல்லி, கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள், சந்தனம், வெங்காயச் சருகு. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்து கொடுத்த நீலம், 'எம்.எஸ். புளூ' என்றே இன்றும் கடைகளில் கேட்கப்படுகிறது. பேத்தி எழுத வேண்டியதை எழுதட்டும், பெயர் சொல்லும் பொறுப்பைப் பாட்டி எடுத்துக்கொள்ளலாம்.

நிறத்தை இப்படிக் குடும்பமாக்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று ஆயுள் முழுக்க உழைத்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல். 1905-ல் வெளிவந்த அவருடைய நூல், எந்த நிறத்தையும் மூன்றே கேள்வியில் அடக்குகிறது: என்ன நிறம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு தீவிரம். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா ஆகிய ஐந்தும் அவருக்குத் தலைக்கட்டுகள். இந்த முறைப்படி பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிரையான்களும் வந்தன. 1926-ல் அந்தக் கிரையான் வியாபாரத்தைக் கிரயோலா செய்யும் கம்பெனி வாங்கிக்கொண்டது. நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனும் கடைசிக் காலத்தில் இந்தப் பக்கம்தான் வந்தார். உலகப் புகழெல்லாம் பெற்றுவிட்ட மனிதர், பெங்களூரில் பூக்களைப் பறித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் நிறத்துக்குள்ளும் என்னென்ன நிறங்கள் ஒளிந்திருக்கின்றன என்று நிறமாலைக் கருவியால் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையின் இயக்கம் பற்றிய அவருடைய நூல் 1968-ல் வெளிவந்தது. எண்பதை நெருங்கிய வயதில் ஒருவருக்கு ஒரு பூவின் நிறம் தீராத கேள்வியாக இருந்திருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

மன்செலின் இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. சீட்டுகளை வரிசையாக வைத்துக் கறுப்பு-வெள்ளையில் ஒரு போட்டோ எடுங்கள். எது வெளுப்பு, எது அடர்த்தி என்று உடனே தெரிந்துவிடும். எலுமிச்சை மஞ்சள் வெள்ளையோடு கலந்துவிடும். பளிச்சென்று கண்ணைப் பறித்த சிவப்பு, நடுத்தரச் சாம்பலாக ஒடுங்கி நிற்கும். வரிசையைத் திருத்திக்கொள்ள இதைவிடச் சுலபமான வழியை நான் பார்த்ததில்லை.

ஆனால் எல்லாச் சீட்டும் சமர்த்தாகப் போய் உட்காராது. மயில்கழுத்து நீலத்து வீடா, பச்சை வீடா? இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்து, மெலிந்த ஓரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். அப்படியும் தீராவிட்டால் இரண்டு வீட்டுக்கும் நடுத்திண்ணையில் உட்கார வையுங்கள். காவி மஞ்சளா, பழுப்பா? எங்கள் அலுவலகத்தில் இதற்கே ஒரு மத்தியானம் போனது. கடைசியில் பழுப்பு வீட்டின் வாசலில், மஞ்சளைப் பார்த்தபடி வைத்தோம். வீடு தனியாக இருந்தாலும் பழுப்பு தனி நிறமில்லை என்பதை அன்றைக்கு அங்கிருந்த பிள்ளைகளுக்குக் காட்ட முடிந்தது. ஆரஞ்சை அழுத்திப் பூசி, அதன்மேல் நீலத்தை லேசாக ஓட்டினால் பழுப்பு வந்து நிற்கிறது. இருட்டில் நிற்கும் ஆரஞ்சுக்குத்தான் பழுப்பு என்று பெயர். சாம்பல் நிறங்களும் அப்படியே: ஒன்றில் நீலம் ஓடும், ஒன்றில் விறகுச் சாம்பலின் சூடு இருக்கும். இரண்டையும் ஒரே உறையில் போட்டால் மேகம் வரைய நினைத்த பிள்ளை மண்சுவர் வரைந்துவிடும்.

அடுக்கியவற்றை எதில் வைப்பது? பழைய டப்பா வேண்டவே வேண்டாம். மரச் சட்டை இல்லாததால் கீழே விழுந்தால் இந்தப் பென்சில் மூன்று துண்டாகும். ஒன்றோடொன்று உரசினால் ஒன்றின் கலர் மற்றதன் பூச்சில் ஏறும். காடாத் துணியில் விரல் அகலத்துக்குப் பை பையாகத் தைத்து, பாய்போல் சுருட்டிக் கட்டினால் போதும். நம் தையல்காரரிடம் சொன்னால் தைத்துத் தருவார். ஒரு குடும்பத்துக்கு ஒரு சுருள். வேப்பம்பட்டிலிருந்து காலை லோக்கலில் தொங்கிக்கொண்டு சென்ட்ரல் போய், 1850-ல் தொடங்கிய அந்தப் பழைய ஓவியக் கல்லூரிக்கு நடக்கிற மாணவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். புத்தகப் பைக்குள் பென்சில் படும் பாடு அவர்களுக்குத் தெரியும். உடைந்த துண்டுகளை எறியாதீர்கள். அந்தந்தக் குடும்பத்துச் சுருளிலேயே சொருகி வையுங்கள், படுக்கவைத்துத் தேய்க்க முழுப் பென்சிலைவிட அதுதான் வசதி. சித்திரை வெயில் வருகிறது. ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து மறந்துவிட்டால் மெழுகு இளகிவிடும்.

இவ்வளவும் எதற்கென்று யாராவது கேட்டால் வாசலில் நிற்கும் வேம்பைக் காட்டுங்கள். பங்குனியில் அது துளிர்க்கும்போது நுனிக் கொழுந்து பச்சையே இல்லை, செம்பு. அதற்கடுத்த இலைகள் மஞ்சள் கலந்த இளம்பச்சை. இன்னும் கீழே வந்தால் முற்றிய பச்சை, வெயில் படும் இடத்தில் கிட்டத்தட்ட வெள்ளையாகப் பளபளக்கும், நிழலில் நீலம் பாரிக்கும். உதிரக் காத்திருக்கும் இலை எலுமிச்சை. ஒரு சின்னக் கொப்புக்கே பச்சை வீட்டிலிருந்து மூன்று, பழுப்பு வீட்டிலிருந்து ஒன்று, மஞ்சள் வீட்டிலிருந்து ஒன்று, நீல வீட்டிலிருந்து ஒன்று எடுத்து வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். குடும்பமாக அடுக்கியிருந்தால் மூன்று பச்சையில் எது வேண்டும் என்று நின்று யோசிக்கத் தோன்றும். டப்பாவுக்குள் கை விட்டால் அகப்பட்ட பச்சைதான் மரம் முழுவதும். நம் பிள்ளைகளின் மரங்களெல்லாம் ஒரே பச்சையாக இருப்பதற்கு அவர்கள் கண்ணைக் குறை சொல்லி என்ன பயன்?

முக்கியமான ஒன்று பாக்கி. சுருளின் மேல் குடும்பப் பெயரைக் கட்டாயம் எழுத்தில் எழுதுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் நம் நடுவில் உண்டு, ஆண் பிள்ளைகளில் அதிகம். ரயில் ஓட்டுநர் வேலைக்கு மருத்துவச் சோதனைக்குப் போய் நின்று, ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட புள்ளிப் படங்களைப் பார்க்கும் நாளில்தான் சிலருக்கு அது தெரியவருகிறது. 'இலைக்குச் சிவப்பு அடித்திருக்கிறான் பார்' என்று வகுப்பே சிரிக்கும்போது அந்தப் பிள்ளை படம் போடுவதையே நிறுத்திவிடும். பெயர் எழுதிய சுருள் ஒன்று இருந்தால் அவன் யாரையும் கேட்காமல் தன் பச்சையை எடுத்துக்கொள்வான்.

72 பென்சில் எல்லார் வீட்டிலும் இருக்காது. அரசுப் பள்ளியில் மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை இலவசமாகத் தரும் வண்ணப் பென்சில்களை வைத்துக்கொண்டே இந்த விளையாட்டை ஆடலாம். அழுத்தி ஒன்று, நடுத்தரமாக ஒன்று, மெலிதாக ஒன்று என்று ஒரே பென்சிலில் மூன்று சீட்டு போடுங்கள். அதன்பிறகு ஒன்றன்மேல் ஒன்று பூசி வரும் கலவைகளுக்கும் சீட்டு போட்டால் குடும்பம் தானாகப் பெருகும்.

உங்கள் வீட்டுச் சீட்டு வரிசையை எங்களுக்கு அனுப்புங்கள். எந்தத் தாள், எந்த வேளை வெளிச்சம் என்று ஓரத்தில் குறியுங்கள். எந்த நிறத்துக்காக வீட்டில் சண்டை நடந்தது, கடைசியில் எந்தக் குடும்பத்தில் சேர்த்தீர்கள், யார் சொன்ன பெயர் நின்றது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். குழந்தைகள் வைத்த பெயர்களை அடுத்த இதழில் அப்படியே அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்