இரவுப் பணிக்கு யாருடைய சாவி?

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியே நீர் பேரழுத்தத்துடன் நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே நிலக்கரி வெட்ட முடியும். ஊர் உறங்கும்போதும் நடந்தாக வேண்டிய வேலைகள் கணிப்பொறிக்கும் உண்டு. ஆய்வகத்தில் பகலில் எடுத்த அளவீடுகளை இரவு 2 மணிக்கு வேறொரு கணிப்பொறியிலுள்ள பொதுச் சேமிப்பிடத்தில் படியெடுத்து வைப்பது அத்தகைய வேலைதான். விண்டோஸில் இதற்கென 'டாஸ்க் ஷெட்யூலர்' என்னும் வசதி இருக்கிறது.

பகலில் நாமே இயக்கிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இரவில் தானே இயங்கும்போது, 'இசட் டிரைவ்' காணோம் என்று நின்றுவிடுகிறது. ஏன்?

இசட் என்பது இடத்தின் பெயரன்று; கணிப்பொறியில் நுழைந்தபின் நமக்காக நாம் வைத்துக்கொண்ட செல்லப்பெயர். 'மாமா வீட்டுக்குப் போய் வா' என்றால் உங்கள் தம்பிக்குப் புரியும். தபால்காரருக்குப் புரியுமா? எத்தனையாவது வட்டம், எந்தத் தெரு, என்ன எண் என்று அவருக்கு முழு முகவரி வேண்டும். நாம் இல்லாத வேளையில் ஓடும் பணி தனக்கென ஒரு தனி அமர்வில் இயங்குகிறது. நம் செல்லப்பெயர்கள் அங்கே செல்லா. ஆகவே \\சேமிப்பகம்\இயற்பியல்\அளவீடுகள் என்பதுபோல, அந்தக் கணிப்பொறியின் பெயரிலிருந்தே தொடங்கும் முழு முகவரியைக் கொடுக்க வேண்டும்.

முகவரி சரியானாலும் வாயிலில் 'நீ யார்?' என்ற கேள்வி எழும். 'சிஸ்டம்' என்னும் கணக்கில் இயக்கினால் போதும் எனச் சிலர் எண்ணுவர். அது தன் கணிப்பொறிக்குள் எல்லாம் வல்லது. வெளியே கால் வைத்தால் அந்தக் கணிப்பொறியின் பெயரில்தான் போய் நிற்கும். அப்பெயருக்குச் சேமிப்பகத்தில் அனுமதி இல்லையேல் கதவு திறக்காது. 'கடவுச்சொல்லைச் சேமிக்காதே' என்று குறியிட்டாலோ, பணி தன் கணிப்பொறியின் கோப்புகளோடு நின்றுவிடும்.

இங்கேதான் பலர் பொறுமை இழக்கின்றனர். நிர்வாகியின் கணக்கையே பணிக்குக் கொடுத்துவிடுவர். அல்லது சேமிப்பிடத்தை எல்லாருக்கும் திறந்துவிடுவர். 'வேலை நடந்தால் போதாதா?' என்றும் கேட்பர். போதாது என்பதே என் கருத்து. ஒவ்வொரு நிரலும் தன் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்துடன்தான் இயங்க வேண்டும் என்று எம்.ஐ.டி.யின் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-இலேயே எழுதினர். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல் ஒன்று நுழைந்தால், அது எந்தக் கணக்கில் இயங்குகிறதோ, அந்தக் கணக்கு எழுதக்கூடிய இடமெல்லாம் அதற்கு இரைதான். மாணவர்களின் மூன்றாண்டு அளவீடுகள் ஒரே இரவில் போய்விடலாம்.

இரவுப் பணிக்கென்றே தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். அதற்கு அந்த ஒரு கோப்புறையில் மட்டும் எழுத அனுமதி கொடுங்கள். கால் மணி நேர வேலை; ஆனாலும் சோம்பல் பொல்லாதது! பிறகு, கணிப்பொறியிலிருந்து முற்றிலும் வெளியேறிய நிலையில் பணியை ஓடவிட்டு, கோப்பு போய்ச் சேர்ந்ததா என்று மறுநாள் காலையில் திறந்து பாருங்கள்.