தேக்கு ஜம்பமும் தூள் பலகையும்

செய்யூர் பக்கம் புதிதாகக் கட்டிய எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மரம் இரண்டே வேஷத்தில்தான் நிற்கிறது. தலைவாசலில் தேக்கு. கஜலட்சுமி, பூவேலை, முகம் தெரிகிற அளவுக்கு பாலிஷ். அதைத் தாண்டி உள்ளே போனால் சமையலறை அலமாரி, துணி பீரோ, டிவி யூனிட், கட்டில் எல்லாமே மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. மேலே மரம் மாதிரி அச்சடித்த தாள். நடுவில் எதுவும் கிடையாது. வேம்பு இல்லை, பூவரசு இல்லை, பனை இல்லை. வாசலுக்கு வெளியே நிற்கிற எந்த மரமும் வீட்டுக்குள் வரவில்லை.

ஏன் என்று கேட்டால் தயாராக இரண்டு பதில் வைத்திருக்கிறார்கள். மரம் விலை ஏறிப்போச்சு என்பது ஒன்று. மரத்தை வெட்டக் கூடாது சார் என்பது இன்னொன்று. இரண்டும் அரைப் பொய். வைத்தால் தேக்கு, இல்லாவிட்டால் எதுவாக இருந்தால் என்ன என்கிற மனசுதான் காரணம். தூள் பலகையை நம் வீட்டுக்குள் கூட்டி வந்தது ஏழ்மை இல்லை, தேக்கு ஜம்பம் என்பது என் கட்சி.

தேக்கோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்குள் இயற்கையாக எண்ணெய் இருக்கிறது, கறையான் தயங்குகிறது, வெயில் மழைக்கு அதிகம் நெளியாது. கப்பலுக்கு அதைத் தேடிப் போனதில் நியாயம் உண்டு. ஆனால் தேக்கு நம் வீட்டில் கௌரவச் சின்னமானதற்கு இந்த நல்ல குணங்கள் மட்டும் காரணமில்லை. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களைப் படம் பிடித்துப் போட்டு உருகுகிறோமே, அந்தத் தேக்கு எங்கிருந்து வந்தது? பர்மாவிலிருந்து. 1885இல் ஆங்கிலேயர் மாண்டலே மீது படையெடுத்து திபா மன்னரை இறக்கியபோது, வெளியே சொன்ன காரணமே ஒரு தேக்குக் கம்பெனிக்கு அவர் அபராதம் போட்டார் என்பதுதான். அந்தக் கம்பெனி பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். மாஞ்சோலை தேயிலைத் தோட்டம் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருகிறதே, அதே கம்பெனி. ஒரு நாட்டைப் பிடித்து அறுத்த மரம் நமக்குப் பாரம்பரியம் ஆகிவிட்டது. கொல்லையில் நின்ற பூவரசு நாட்டுப்புறம் ஆகிவிட்டது. முழுத் தடியாக ஏற்றுமதி செய்வதை மியான்மர் 2014 ஏப்ரலில் நிறுத்தியது. ஆனாலும் 'பர்மா தேக்கு' என்கிற சொல்லுக்கு இங்கே மவுசு குறையவில்லை. அறுக்கிற தேக்கில் நிறைய ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வருகிற தோட்டத் தேக்கு. சீக்கிரம் வளர்த்து சீக்கிரம் வெட்டியது. பாதி வெள்ளை, பாதிதான் வைரம்.

சரி, இந்தக் கடலோரத்து வீடுகள் முன்பு எதில் நின்றன? கூரையில் பனை. முற்றிய பனையை நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கிற சோற்றைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வெளிப்பக்கத்துக் கறுப்பு வைரத்தை மட்டும் வாரையாக எடுத்துப் போடுவார்கள். மேலே நாட்டு ஓடு. மற்ற மரங்களுக்கு வைரம் நடுவில், பனைக்கு வெளியில். தொல்காப்பியத்தின் மரபியல் இதை வைத்தே தாவரத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளியே வைரம் உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம். அந்தக் கணக்கில் பனை புல் வகை. இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரே பக்கம்தான் வைக்கிறது. இலக்கியப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. மரத்தை அறுக்கிறவனுக்குத் தேவையான முதல் தகவல் இது. எந்த இடத்தை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று ஒரு இலக்கண நூலுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, வீட்டுக்கடன் வாங்குகிற நமக்குத் தெரியவில்லை.

கதவுக்கும் ஜன்னல் நிலைக்கும் வேம்பு. கசப்பு இருப்பதால் பூச்சி எளிதில் தொடாது. ஆனால் அறுத்த உடனே போட்டால் வெடிக்கும், காய வைக்கப் பொறுமை வேண்டும். பூவரசு கொஞ்சம் இழைத்தாலே வழவழவென்று வரும், கருஞ்சிவப்பு நிறம், உப்புக் காற்றைத் தாங்கி வளர்ந்த மரம் என்பதால் இந்த ஊருக்கு அந்நியமில்லை. பெட்டி, நாற்காலிக்கெல்லாம் அதுதான். மா மலிவுப் பலகை, சென்ட்ரிங்குக்கும் பெட்டிக்கும் சரி, கறையானுக்கு விருந்து. சவுக்கை யாரும் பலகையாக அறுக்க மாட்டார்கள், முறுக்கிக்கொள்ளும். சாரம் கட்ட, பந்தல் போட, எரிக்க. செய்யூர் உப்பளத்துக்குப் போய்ப் பாருங்கள், உப்பை இழுத்துக் குவிக்கிற வாருபலகை மரம். இரும்பை அந்தத் தண்ணீர் சும்மா விடாது. இது எதுவும் ரகசியமில்லை. எந்த மரம் எந்த இடத்துக்கு என்கிற ஒரு பட்டியல் ஊரில் பொதுவாக இருந்தது, அவ்வளவுதான்.

இங்கே யாராவது 'அந்தக் காலம்' என்று பெருமூச்சு விட்டால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பட்டியல் பொதுவாக இருந்தாலும் அறுத்து இழைக்கிற கைத்திறன் ஒரு சாதிக்குள் பூட்டியிருந்தது. ஓட்டு வீடே ஊரில் பாதிப் பேருக்கு இல்லை, பனையோலைக் குடிசைதான். தச்சர் பிள்ளைகள் ஐடிஐ படித்து ஒரகடத்துக்கு வேலைக்குப் போவது நல்லது, போகட்டும். நான் கேட்பது வேறு. அவர்கள் போகும்போது அந்தப் பட்டியலை யார் எழுதி வைத்தது? எங்கள் துறையில் ஒரு பழைய மென்பொருளைத் தூக்குவதற்கு முன்னால் அது என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று ஒரு குறிப்பாவது எழுதச் சொல்வார்கள். பாதிப் பேர் எழுத மாட்டோம் என்பது வேறு விஷயம்.

பலகைகளையும் நான் திட்ட வரவில்லை. ப்ளைவுட் மனித மூளையின் அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று. மரம் குறுக்குவாட்டில்தான் அதிகம் சுருங்கி விரியும், நீளவாட்டில் கிட்டத்தட்ட அசையாது. அதனால் மரத்தைத் தாள் தாளாகச் சீவி, ஒரு அடுக்கின் ரேகை நெடுக்கே என்றால் அடுத்தது குறுக்கே என்று ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஒட்டிவிட்டால், ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். இதைவிட நேர்மையான பொறியியல் என்ன இருக்கிறது? அதுவும் பெரிய காட்டு மரம் தேவையில்லை. பெரும்பாவூரிலும் யமுனாநகரிலும் ரப்பர், தைலம், பாப்லர் என்று வயலிலும் தோட்டத்திலும் வளர்ந்த மரத்தைத்தான் உரிக்கிறார்கள். நீளமான அலமாரித் தட்டு தொங்காமல் இருக்க பிளாக்போர்டு. பெயின்ட் அடிக்கிற கதவு, வழவழப்பான வளைவு வேலைக்கு எம்.டி.எஃப், ஆனால் ஈரம் இல்லாத அறையில் மட்டும். தூள் பலகைக்கும் இடம் உண்டு. ஓஎம்ஆரில் இருபத்து நாலு மணி நேரமும் ஏசி ஓடுகிற என் அலுவலகத்தில் அந்த மேஜைதான், பல வருடமாக ஒரு குறையும் இல்லை.

குறை வருவது அதே மேஜையைக் கடலிலிருந்து சில கிலோமீட்டரில், கழிவெளிக் காற்று வீசுகிற ஊரில், ஏசி இல்லாத சமையலறையில் கொண்டு வைக்கும்போது. அந்தத் தூளைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. ஈரம் படப்பட அது விட்டுக்கொடுக்கும், தூள் உப்பும். ஃபீனால் பசையில் ஒட்டிய, ஐ.எஸ். 710 முத்திரை உள்ள ப்ளைவுட்டை 72 மணி நேரம் கொதிக்கும் நீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். 'எம்.ஆர்' என்று போட்ட பலகைக்கு அந்தச் சோதனையே இல்லை. அது காற்றிலுள்ள ஈரத்துக்கு மட்டும், தண்ணீருக்கு இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தைக் கடையில் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

சொல்ல மாட்டார்கள் என்பதைவிட மறைப்பார்கள் என்பது சரி. இணையத்தில் ஒரு பீரோவைத் தேடுங்கள். பொருள்: 'என்ஜினியர்ட் வுட்'. பொறியியல் படித்தவன் என்ற முறையில் இந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. 72 மணி நேரம் கொதித்தும் பிரியாததும் அதே பெயர், ஒரு வாளித் தண்ணீர் கொட்டினால் இட்லி மாதிரி உப்புவதும் அதே பெயர். எந்தப் பலகை என்று சொல்லாமல் இருப்பதற்காகவே உருவாக்கிய பெயர் அது.

செய்யூரில் என் சித்தப்பா வீட்டில் ஒரு கம்பெனி மாட்யுலர் கிச்சன் போட்டது. 'வாட்டர்ப்ரூஃப் வுட்' என்றார்கள். இரண்டாவது ஐப்பசி மழையில் தொட்டிக்குக் கீழே இருந்த கதவுகள் உப்பி, கீல் கழன்று தொங்கின. போன் பண்ணினால், தண்ணீர் பட்டதற்கு வாரண்டி கிடையாது என்றார்கள். சமையலறையில் தண்ணீர் படாமல் வேறு என்ன படும்? கடைசியில் ஊர்த் தச்சர் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் உப்பிய விளிம்பை நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"தம்பி, இது பலகை இல்ல, சத்து மாவு. ஸ்க்ரூவ எதுல முடுக்கறது?"

"ஏதாவது வழி இல்லையாண்ணே?"

"மரமா இருந்தா ஓட்டையில ஒரு குச்சிய அடிச்சு மறுபடி முடுக்கிடலாம். இதுல ஒரு தடவ கழண்டுச்சுன்னா கழண்டதுதான்."

எனக்கு விளங்கிய வித்தியாசம் இதுதான். மரத்தையும் நல்ல ப்ளைவுட்டையும் பழுது பார்க்கலாம், தூள் பலகையைத் தூக்கித்தான் போட வேண்டும். மலிவு என்று வாங்கியதை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை திரும்ப வாங்குகிறோம்.

இனி 'மரத்தை வெட்டாதே' கட்சிக்கு வருவோம். மத்தியப் பொதுப்பணித் துறை 1993இல் தன் கட்டடங்களில் மரம் பயன்படுத்துவதையே நிறுத்தியது. 2020இல்தான் அந்தத் தடையை எடுத்தார்கள். இருபத்தேழு வருடம் அரசாங்கமே மரத்தைப் பாவம் என்று சொன்னால் அலுமினியமும் பிவிசியும் புண்ணியம் ஆகத்தானே செய்யும்? காட்டைக் காக்க வேண்டியிருந்தது, மறுக்கவில்லை. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடரியைப் பிடித்து நிறுத்தியது அவசியமான காரியம். ஆனால் காட்டு மரத்துக்குச் சொன்னதைக் கொல்லை வேம்புக்கும் சேர்த்துப் புரிந்துகொண்டது நம் சோம்பேறித்தனம். தூள் பலகையும் மரம்தான், ஐயா. யாரோ வெட்டித்தான் தூளாக்குகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாகச் சவுக்குத் தோப்புகளைப் பார்க்கிறீர்களே, நான்கைந்து வருடத்தில் வெட்டிக் காகித ஆலைக்கு லாரி ஏற்றுவார்கள். அதற்கு யாரும் கண்ணீர் விடுவதில்லை, விடவும் வேண்டாம், அது பயிர். அப்படியென்றால் பூவரசு ஏன் பயிராகக் கூடாது? ஒரு மரம் கதவாகி அறுபது வருடம் நிற்பதைவிட, கூழாகி அட்டைப் பெட்டியாகிக் குப்பைக்குப் போவது எந்த விதத்தில் பசுமை?

பனை விஷயத்தில் இந்தக் குருட்டுத்தனம் உச்சத்துக்குப் போகிறது. மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை விநியோகிக்கப்படும் என்றார்கள், பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றார்கள். நல்ல அறிவிப்புகள். ஆனால் பனை எங்கே போகிறது என்று தமிழ்நாட்டில் எந்த ஊர்க்காரரைக் கேட்டாலும் சொல்வார்: செங்கல் சூளைக்கு. கூரைக்கு வாரையாகக் கிடந்து மூன்று தலைமுறையைத் தாங்கக்கூடிய வைரம் சில மணி நேரத்தில் சாம்பல். விறகு விலைக்கு விற்கிறார்கள், ஏனென்றால் வேறு விலை சொல்ல ஆளில்லை. சாமில்காரருக்குப் பனை என்றாலே வேண்டாம், அதன் நார் ரம்பப் பல்லை மழுக்கும். நுங்குக்கும் கள்ளுக்கும் அழுகிற நாம் பனங்கட்டைக்கு ஒரு வாங்குபவரை உண்டாக்கவில்லை. வாரைக்கு நல்ல விலை கிடைத்தால் முற்றாத பனையை எவனும் அவசரப்பட்டு வெட்ட மாட்டான். பனைக்கு வைரம் ஏறப் பல பத்து வருடம் ஆகும், காத்திருந்தால்தான் காசு.

'எல்லோரும் நாட்டு மரம் கேட்டால் அதுவும் அழியாதா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு மலைவேம்பு பதில் சொல்கிறது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி அந்த மரத்தை எடுத்து, நாற்றைத் தேர்ந்து, விவசாயியையும் ப்ளைவுட் ஆலையையும் ஒப்பந்தத்தில் இணைத்தது. இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் வயலில் மலைவேம்பு நிற்கிறது. கேட்க ஆள் இருந்ததால் மரம் பெருகியது. இதே காரியத்தைக் கடலோரப் பூவரசுக்கும் வேம்புக்கும் செய்ய என்ன தடை? செய்யூரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில், மாமல்லபுரத்தில், 1957இலிருந்து ஒரு அரசுக் கல்லூரி கட்டடக் கலையும் சிற்பமும் சொல்லிக்கொடுக்கிறது. சாமி சிலை செய்ய அங்கே முறையான பாடம் உண்டு. உப்புக் காற்றில் நிற்கிற ஒரு ஜன்னலுக்கு எந்த மரம், எத்தனை மாதம் காய வைப்பது, பனையை எந்த ரம்பத்தில் அறுப்பது என்று பாடம் எடுக்க ஒரு ஐடிஐயாவது இந்த மாவட்டத்தில் முன்வரலாம். அறிந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

வீடு கட்டப் போகிற என் வயதுக்காரர்களுக்கு: கடைக்காரர் 'என்ஜினியர்ட் வுட்' என்றால், என்ன பலகை, என்ன பசை, என்ன ஐ.எஸ். எண் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே 710. துணி அலமாரிக்கு அவ்வளவு தேவையில்லை. தலைவாசலுக்குத் தேக்கு வைக்க எடுத்து வைத்த காசில் வீடு முழுக்க வேம்பு நிலை வைக்க முடியுமா என்று உங்கள் ஊர் மரவாடியில் ஒரு தடவை விலை கேட்டுப் பாருங்கள். சித்தப்பா வீட்டில் இப்போது தொட்டிக்குக் கீழே இருப்பது வேப்பஞ்சட்டம், நடுவில் நல்ல ப்ளைவுட். அந்தக் கம்பெனியிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.